கொன்றவன் யாரென்று நூலகம் சொல்லாது

பால்கன் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில், நூலகத்துக்கென்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. நூலகர் நெவ்யானா வாரம் தவறாமல் புதுப் புத்தகங்களின் அட்டைகளைப் படம் பிடித்துப் போடுவாள். மூன்று விருப்பக்குறி விழும். ஒன்று அவள் நாத்தனார், ஒன்று உடன் வேலை பார்க்கும் சோன்கா, மூன்றாவது அவளேதான்.

ஊர் கூடிக் கத்துவதெல்லாம் வேறொரு குழுவில். தெருநாய், மின்வெட்டு, குப்பை வண்டி என்று அங்கே ஓயாத சண்டை. பிப்ரவரியில் ஒருநாள் அங்கே நூலகத்தின் பெயர் அடிபட்டது. எழுதியவர் வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் பொருத்தும் ஸ்தாமென்.

"லைப்ரரில எடுத்த துப்பறியும் கதைல கடைசி நாலு பக்கத்தக் காணோம். கொன்னது யாருன்னு தெரியாம மண்ட காயுது. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

நெவ்யானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினாள், அழித்தாள். பிறகு ஏதோ துணிச்சலில், "நீங்க யாரச் சந்தேகப்படுறீங்க அண்ணே?" என்று கேட்டுவைத்தாள்.

"டாக்டர்தான். சந்தேகமே இல்ல."

மருந்துக்கடை பெத்ரானா பாய்ந்து வந்தாள். "குழாய்க்காரருக்குக் குழாய்தான் தெரியும்! செத்தவனோட மருமகதான் தீர்த்துக் கட்டியிருப்பா. நானும் அதே புஸ்தகத்த எடுத்துட்டு, பாதியில திருப்பிக் குடுத்தவ."

மாலைக்குள் இருநூறு பதில்கள். புத்தகத்தைத் தொடாதவர்கள்கூடக் கட்சி பிரிந்து நின்றார்கள். யாரென்று சொல்லும்படி எல்லோரும் நெவ்யானாவை நச்சரித்தார்கள். "லைப்ரரி சொல்லாது. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க, வாசிச்சுக் காட்டுறோம்" என்று கெத்தாக எழுதிவிட்டாள்.

"உனக்குத் தெரியுமாடி?" என்றாள் சோன்கா.

"எனக்கெங்க தெரியும்? நான் அதப் படிச்சதே இல்ல."

நூலகர்களுக்கென்று இருந்த குழுவில் உதவி கேட்டாள். அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராம நூலகத்தில் முழுப் பிரதி இருந்தது. வியாழன் மதியம் பேருந்து ஓட்டுநர் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்க்க நெவ்யானாவுக்குக் கை துறுதுறுத்தது. பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குள் நாற்காலிகள் எல்லாம் நிறைந்து, குழந்தைகள் பிரிவின் குட்டி முக்காலிகளிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பெத்ரானா ஒரு தட்டு நிறைய, பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா பலகாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஸ்தாமென் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி முன்வரிசையில் இருந்தார்.

நெவ்யானா அந்தக் கடைசி நாலு பக்கங்களை வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது பக்கத்தில் டாக்டர் தப்பித்தார். "அய்யோ!" என்றார் ஸ்தாமென். மருமகளும் தப்பித்தாள். கடைசிப் பக்கத்தில், கதையில் இரண்டே இரண்டு இடத்தில் தலைகாட்டி, இருநூறு பதில்களில் ஒன்றில்கூடப் பேர் அடிபடாத வக்கீல் மாட்டிக்கொண்டான். நெவ்யானாவே, "இவனா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"இது ஏமாத்து வேல. எழுதினவன் மேல கேஸ் போடணும்" என்றார் ஸ்தாமென், வாய் நிறையப் பானிட்சாவோடு.

அன்று பதினொரு பேர் நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தார்கள். கிளம்பும்போது ஸ்தாமென் மேசைக்கு வந்தார்.

"அந்த ஆளு எழுதினது வேற இருக்கா?"

"ஏழு இருக்கு அண்ணே."

"கடைசிப் பக்கம்?"

இருவருமாக அலமாரி முன் நின்று, ஏழு புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும், எழுத்தைப் படிக்காமல், பக்க எண்களை மட்டும் பார்த்துச் சரிபார்த்தார்கள்.