ஆப்பிளோடு வாங்கி, சீஸோடு விற்றவன்

வெட்கம் என்பது விலை சொல்லத் தெரியாதவனுக்கு வரும் வியாதி என்பார் என் பெரியப்பா. துணி, பாத்திரம், பழைய மோட்டார் என்று எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொன்றை விற்றார்கள். ஒருவருக்கும் அந்த வியாதி வந்ததில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்கு வந்தது. ஒரு துண்டு சீஸால் வந்தது.

நான் விற்பது ஒயின். கோடீஸ்வரர்கள் நிலவறையில் பூட்டி வைக்கிற ஒயின் இல்லை. 'ஒரு வேளைச் சாப்பாட்டு விலையில் ஒரு புட்டி' என்று வாசலில் பலகையே மாட்டியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடையின் பின்னறையில் நீள மேசை போடுவேன். எட்டுப் புட்டிகளைப் பழுப்புக் காகிதப் பைகளுக்குள் நுழைத்து, மேலே எண் மட்டும் எழுதி வைப்பேன். வருகிறவர்கள் ருசி பார்த்து, எது விலை கூடியது என்று ஊகிக்க வேண்டும். பல் டாக்டர் வருவார், பேருந்து ஓட்டுகிற ஒரு பெண்மணி வருவார், இன்னும் பத்துப் பேர். வாராவாரம் எல்லோரும் தப்பாகவே சொல்வார்கள். தப்பாகச் சொன்ன குஷியில் ஆளுக்கு இரண்டு புட்டி வாங்கிப் போவார்கள். மலிவுச் சரக்கை உசத்தி என்று தானாகவே கண்டுபிடித்தவன் மாதிரி தாராளமாகச் செலவு செய்கிறவன் உலகத்தில் கிடையாது.

ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு சீஸ் ஜோடி. சீஸ் எல்லாம் என் அண்ணியின் கைவேலை. பதினேழு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டைக் குளிரறையாக மாற்றிவிட்டார். என் அண்ணன் காரை மழையில் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டான். அண்ணி செய்வது இரண்டே வகை. ஒன்று, எட்டு மாதம் பழுக்க வைத்த கெட்டி சீஸ். உப்பும் கொழுப்புமாக நாக்கில் கம்பளி விரித்த மாதிரி உட்காரும். இன்னொன்று வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் ஒரு வாரச் சீஸ். பால் மணம், ஓரத்தில் மெல்லிய இளம்புளிப்பு. முதலாவது ஊரையே கூட்டி வைத்துப் பேசும். இரண்டாவது கூச்சப்படும்.

ஒயின் வியாபாரிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு: வாங்கும்போது ஆப்பிளைக் கடி, விற்கும்போது சீஸைக் கொடு. பச்சை ஆப்பிளைக் கடித்துவிட்டு ஒயினைக் குடித்தால் அதன் குறையெல்லாம் அம்மணமாக வந்து நிற்கும். கெட்டி சீஸைத் தின்றுவிட்டுக் குடித்தால் நோஞ்சான் ஒயினும் தொப்பை போட்ட மாதிரி தெரியும். சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் என் சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தியும் ஒரு ஆப்பிளும் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஐந்தாம் எண் பையில் வைத்த சிவப்பு ஒயினையும் ஆப்பிளோடுதான் வாங்கினேன். ஒரு கிடங்குக்காரன் பாய்லர் அறையை ஒட்டிய சுவரில் கோடை முழுவதும் அடுக்கி வைத்திருந்தான். வெக்கையில் வெந்து, கார்க்குகள் ஒரு நெல் அளவு மேலே எழும்பி நின்றன. ஆப்பிளைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தேன். காய்ச்சிய பழச்சாறு மாதிரி இருந்தது, பின்னால் காடிப் புளிப்பு வந்து காதைத் திருகியது. துப்பினேன். துப்பிவிட்டு, கழிவு விலைக்கு அறுபது பெட்டியையும் வாங்கினேன். கெட்டி சீஸ் என்னிடம் இருக்கிறதே.

அந்தச் சனிக்கிழமை 'மூக்கு' வந்தார். பெரிய உணவகம் ஒன்றின் மேலாளர். எதையும் முகர்ந்து பார்க்காமல் தொடமாட்டார். நாற்காலியைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் உட்காருவார் என்பார்கள். ஐந்தாம் எண்ணுக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு துண்டு கெட்டி சீஸ் கொடுத்தேன், மற்ற எண்களுக்கு ஒன்றுதான். மூக்கு மென்றார், குடித்தார், கண்ணை மூடினார்.

"இதுதான் இருக்கறதுலயே விலை கூடினது," என்றார்.

"பையைக் கழட்டட்டுமா சார்?"

"கழட்டாதீங்க. சந்தோஷமா இருக்கேன்."

மறுநாள் நடக்கிற புதுக் கிளை திறப்பு விருந்துக்கும், அதன் பிறகு அங்கே விற்கவும் இருபது பெட்டி சொன்னார். பிறகு அண்ணியின் வெள்ளைச் சீஸை முகர்ந்து பார்த்து, "இது யாரு செய்யறது?" என்றார். அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். விருந்தில் இந்தச் சீஸையே முதல் தட்டாக வைக்கிறேன், விருந்தாளிகளுக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க எல்லாக் கிளைக்கும் உங்கள் சீஸ்தான் என்றார் மூக்கு. அண்ணி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். குடும்பத்தில் அவர் கொடுக்கிற உச்சபட்ச விருது அது.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்: சார், வெள்ளைச் சீஸோடு ஐந்தாம் எண்ணைச் சேர்க்காதீங்க. அந்தக் கூச்சக்காரச் சீஸ் எதையும் மூடாது. அதன் புளிப்பும் ஒயினின் காடியும் சேர்ந்தால் வாய்க்குள் பூனையும் நாயும். சொன்னால் 'ஏன்' என்று கேட்பார். விற்ற சரக்கைப் பற்றி 'ஏன்' என்று கேட்கவிட்டவன் எங்கள் குடும்பத்தில் இல்லை. விருந்துச் சத்தத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே ஒரு தள்ளுபடி கொடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி கடைக்குச் சீஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தபோது மூக்கு உள்ளே நுழைந்தார்.

"நாப்பது பேருக்குப் பரிமாறினோம். முப்பது தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. ஒரு அம்மா, தகர டப்பாவ நக்கின மாதிரி இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க."

அண்ணி பெட்டியைக் கீழே வைத்தார். "என் சீஸையா?"

"ஒயினை நானே இங்க நின்னு குடிச்சேம்மா. பன்னெண்டு பேரு சாட்சி. அது பிரமாதம். அப்போ மிச்சம் இருக்கறது எது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சும்மா இருந்திருந்தாலாவது கோழை என்ற பெயரோடு போயிருக்கும். என் வாய்தான் சும்மா இருந்து பழக்கப்படாத வாயாயிற்றே.

"சீஸ் உயிருள்ள சரக்கு சார். ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அண்ணி மேல தப்பில்ல. பால் அப்படி அமைஞ்சிருக்கும்."

அண்ணிக்குப் பரிந்து பேசுகிற குரலிலேயே அண்ணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். மூக்கு பெருந்தன்மையோடு தலையாட்டினார். "பெரிய இடத்துக்குக் கொடுக்கற அளவுக்கு இன்னும் கை பழகல போல," என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி என்னிடம், "நல்லவேளை தம்பி, நீயாவது எனக்காக ஒரு வார்த்தை சொன்னே," என்றார். அன்று முழுவதும் கல்லாவில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தேன்.

புதன்கிழமை அண்ணி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். குளிரறை மேசையில் ஒரு பீங்கான் தட்டு. அதில் ஏழு நாளும் செய்த வெள்ளைச் சீஸ், ஏழு துண்டுகள். அண்ணிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நானும் நக்கி நக்கிப் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. தெரியலன்னா நாக்கு செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்? உன் நாக்கு நல்ல நாக்கு தம்பி. நீ சொல்லு. புளிக்குதா?"

கத்தி முனையில் ஒரு துண்டை நீட்டினார். வாயில் போட்டேன். பால், புல், மழை பெய்த காலை. இத்தனை வருஷத்தில் அவர் செய்ததிலேயே நல்ல சீஸ் அது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால் அடுத்த கேள்வி ஒயினைப் பற்றித்தான் வரும்.

"கொஞ்சம்," என்றேன்.

அண்ணி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்தார். சீஸுக்கு ஊற்றுகிற உறை அது. ஆறு வருஷமாகத் தினமும் பால் ஊற்றிக் காப்பாற்றி வந்தது. ஊருக்குப் போனால்கூட மடியில் வைத்துக்கொண்டு போவார். அண்ணன் அதை 'என் மூத்த மகன்' என்று கிண்டல் செய்வான். ஜாடியைத் தொட்டிக்குக் கொண்டுபோய் மூடியைத் திருகினார்.

"அண்ணி, வேணாம்."

"கெட்டுப்போனத வெச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்றே?"

"கெடல."

"இப்பதானே கொஞ்சம்னே?"

வண்டியில் கிடந்த ஐந்தாம் எண் புட்டியை எடுத்து வந்தேன். சமையலறையில் அண்ணன் மதியத்துக்கு என்று வைத்திருந்த பச்சை ஆப்பிளை எடுத்து நறுக்கினேன். "டேய், அது என்னோடது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"இதக் கடிச்சுட்டு இதக் குடிங்க."

அண்ணி கடித்தார், குடித்தார், உடனே தொட்டியில் துப்பினார். "என்னது இது, சாயம் போன துணி அலசின தண்ணியா?"

"இப்போ கெட்டி சீஸ் தின்னுட்டுக் குடிங்க."

தின்றார். குடித்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"நல்லா இருக்கே," என்றார் மெதுவாக.

"ஆமா."

"விருந்துல குடுத்தது?"

"இதுதான்."

"வாங்கறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் ஜாடியின் மூடியைத் திருகி மூடினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. இறுகின பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

"பதினேழு வருஷம் அடுத்தவங்க கறையத் துவைச்சேன் தம்பி. அதை விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பெரியப்பா சொன்ன வியாதி எனக்குக் காதில் ஆரம்பித்தது. முதலில் சூடு, அப்புறம் கழுத்து, அப்புறம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது. அந்த மேலாளரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"தனியாப் போய்க் காதுல ஓதாதே. எங்க மூடினியோ, அந்த மேசையிலயே தொற."

அடுத்த சனிக்கிழமை மேசையில் சீஸ் இல்லை, ஒரு கூடை ஆப்பிள் மட்டும். மூக்கை நானே போய் அழைத்து வந்தேன். அண்ணி கதவோரம் நின்றார். முதலில் ஐந்தாம் எண்ணை ஊற்றினேன். ஆப்பிளைக் கடித்துக் குடித்த பன்னிரண்டு முகமும் ஒன்றுபோலச் சுருங்கின. பையைக் கழற்றினேன். பாய்லர் அறை, எழும்பின கார்க், இரண்டு துண்டு சீஸ், திங்கட்கிழமை நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். சீஸில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம் என்றேன்.

"இதையா நான் கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சேன்?" என்று மூக்கு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கண்ண மூடினீங்க சரி, மூக்கையுமா மூடினீங்க?" என்றார் பேருந்து ஓட்டுகிற பெண்மணி. அறையே சிரித்தது. மூக்கு சிரிக்கவில்லை. நேராக அண்ணியிடம் போய்த் தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். அண்ணியின் முகம் மலர்ந்ததை வைத்து, வருஷம் முழுக்கச் சீஸ் அவருடையதுதான் என்று தெரிந்துகொண்டேன். இருபது பெட்டியில் விருந்துக்குத் திறந்தது போக மிச்சமெல்லாம் என் கடைக்குத் திரும்பி வந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் திருந்தின மனிதன் என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள், நானும் நம்பியிருப்பேன். நடந்தது வேறு. பல் டாக்டர் எழுந்து, "இப்படி உண்மைய ஒத்துக்கற கடைக்காரன் எங்கய்யா கிடைப்பான்?" என்றார். கை தட்டினார்கள். மிச்சம் ஏழு எண்ணும் அன்றே காலியானது. அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பு, அதற்கடுத்த வாரம் உட்கார இடமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்று மன்னிப்புக் கேட்கும்போதே, 'திங்கட்கிழமை' என்ற சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்தினால் எடுபடும் என்று எனக்குள் ஒருவன் அளந்துகொண்டிருந்தான்.

அவன்தான் மூன்றாம் வாரம் புதுப் பலகை எழுதி வாங்கி வந்து மாட்டியவன்: 'ஆப்பிளோடு ருசித்துப் பார்க்கச் சொல்லும் ஒரே கடை.'

அன்று காலை அண்ணி பெட்டிகளோடு வந்தார். பலகைக்குக் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அன்னிக்கு ஒத்துக்கிட்டதையும் விலைக்கு வெச்சுட்டீங்களா தம்பி?"

அத்தனை வருஷம் 'நீ' என்று கூப்பிட்டவர். சட்டென்று என் கை பலகைக்குப் போனது. திருகாணியைக் கழற்றக் கத்தியைத் தேடினேன். பேனாக்கத்தி சட்டைப்பையில் ஆப்பிளோடு இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையை இறக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். இதையும் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை ஒரு நோட்டம் விட்டேன். அதையும் அண்ணி கவனித்தார்.

பெட்டியைத் திறந்து எடை சரிபார்க்கச் சொன்னார். பழக்க தோஷம், வெள்ளைச் சீஸில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.