கேட்காத தண்ணீர்

அண்ணனின் சீர் ஊர்வலம் தெருமுக்கில் திரும்பும் முன்பே அவனுடைய ட்ரோன் வந்து மண்டபத்து வாசலுக்கு மேலே நின்றுவிட்டது. கூட்டமே அண்ணாந்து பார்த்துக் கையசைத்தது. அன்புமொழி மட்டும் கையசைக்கவில்லை. அவளுடைய ஒன்பது வயது மகள் சுடர்விழிக்கு அன்று காதுகுத்து. கோயில் வாசலில் வைத்துக் குத்திவிட்டு, வீட்டில் நாலு பேருக்குச் சோறு போட்டால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மண்டபம் பிடித்தது, பத்திரிகை அடித்தது, ஊர் எல்லையிலிருந்து பிளக்ஸ் வைத்தது எல்லாம் அண்ணன் நிலவழகன். "ஒத்தத் தங்கச்சி, ஒத்த மருமக. நாஞ் செய்யாம யாருத்தா செய்வா?" என்று அவன் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், இதற்குப் பதிலாக என்ன கேட்பான் என்று யோசித்தாள்.

ஊர்வலம் வந்தது. முன்னால் கொட்டு, அதற்குப் பின்னால் மாலை போட்ட ஜல்லிக்கட்டுக் காளை, அதற்கும் பின்னால் தட்டுகள். ஆப்பிள், அன்னாசி, பட்டுப்பாவாடை, வெள்ளிக் குடம், லட்டு, பொம்மை. மினி லாரியில் ரிப்பன் கட்டிய ஒரு பிரிட்ஜ். மதினி புவனேஸ்வரி நகைத் தட்டை ஏந்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். நடுவில் வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர், வேட்டியை ஒரு கையாலும் தேங்காய்த் தட்டை மறு கையாலும் பிடித்துக்கொண்டு தவித்தபடி வந்தார். ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. அண்ணனிடம் சரக்கு வாங்குகிற ஹாலந்துக் கம்பெனியின் ஆள். ஒவ்வொரு தட்டும் தன் காலடியில் இறங்க இறங்க அன்புமொழி மனசுக்குள் அதன் விலையைக் கூட்டிக்கொண்டே போனாள். சீரை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. சொன்னால் பிறந்த வீட்டுக் கதவை அவளே சாத்திக்கொண்ட மாதிரி.

அண்ணன் கயிற்று மில் வைத்த புதிதில் தேங்காய் மட்டையில் நார் எடுத்தது போக மிஞ்சிய தூளை ரோட்டோரம் கொட்டிவைத்திருப்பான். மழையில் நாறும், வெயிலில் புகையும். சும்மா கொடுத்தாலும் யாரும் அள்ளமாட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, கடலுக்கு அப்பால் கண்ணாடிக் கூரை போட்டு, மண்ணே இல்லாமல் இந்தத் தூளில் தக்காளி வளர்க்கிறார்களாம். ஒரு மில் நாலானது, நாலு ஊரைச் சுற்றி வளைத்தது. மில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்து இங்கிலீஷில் போர்டு மாட்டினார்கள். தூளைச் செங்கல் மாதிரி அழுத்தித் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். ஹாலந்து, கொரியா என்று ஊர்ப் பெயர்கள் டீக்கடையில் சாதாரணமாகப் புழங்கின. மழையை நம்பிக் களையெடுக்கப் போன பெண்கள் மில் களங்களில் தூள் உலர்த்தி நாள் தவறாமல் சம்பளம் வாங்கினார்கள். அதையெல்லாம் அன்புமொழி இல்லை என்று சொல்லமாட்டாள். அவள் அப்படி வயிற்றெரிச்சல் பிடித்தவள் இல்லை.

ஆனால் அந்தத் தூளில் உப்பு இருக்கிறது. வெளிநாட்டுத் தக்காளிக்கு உப்பு ஆகாது. அதனால் கழுவினார்கள், கழுவியதையே திரும்பக் கழுவினார்கள். தூள் கப்பலேறியது, உப்பு ஏறவில்லை. அது ஊர்க் கம்மாய்க்குக் கீழ்ப்பக்கம் இருந்த போர் கிணறுகளில் இறங்கியது. இப்போது அந்தப் பக்கத்து வீடுகளில் டீ போட்டால் பால் திரிகிறது. கழுவுகிற தண்ணீரே உப்பாகிவிட்டதால் கடைசியாகப் போன கண்டெய்னரை ஹாலந்தில் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இன்னொன்றும் அப்படி ஆனால் மில்கள் நிற்கும். கம்மாய்க்கு மேலே நல்ல தண்ணீர் நிறைய ஊறுவது ஒரே ஒரு போரில்தான். அவள் கணவன் முத்துராமன் சிங்கப்பூரில் சாரத்தில் நின்று அனுப்பிய சம்பளத்தில் போட்ட போர். அதை நம்பித்தான் அவளுடைய முல்லையும் மல்லியும் இருந்தன. அந்தப் பூவை நம்பித்தான் அவளும் பிள்ளையும்.

நிலவழகன் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டான். "ஒரு பைப் மட்டும் போட்டுக்கிறேன்த்தா. ஒனக்குப் போக மிச்சம்தான்." அவளும் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "பூவுக்கே காணலண்ணே. வேணாம்." அவன் டீயைக் குடித்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. காதுகுத்துப் பேச்சைத்தான் எடுத்தான்.

மேடையில் சுடர்விழியை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி காதைத் தொட்டதும் பிள்ளை வீறிட்டது. அவன் அவள் தலையை நெஞ்சோடு அணைத்து, "முடிஞ்சிருச்சுத்தா, அம்புட்டுதான், அம்புட்டுதான்" என்று சொல்லும்போது அவன் கண்ணிலும் தண்ணீர். நடிப்பில்லை. சின்ன வயதில் அன்புமொழிக்குக் காலில் முள் குத்தினாலும் அவன்தான் முதலில் அழுவான். அந்தப் பாசம் பொய்யாக இருந்திருந்தால் அவள் பாடு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பந்தியில் சாம்பார் வாளியோடு போனபோது பக்கத்துக் களத்தில் தூள் உலர்த்தும் மருதாயி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "தண்ணி குடுத்துருவேல்லத்தா? மில்லு நின்னா எம்மகன் காலேஜு நின்னுரும்" என்றாள். அன்புமொழி அவள் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

கடைசி வரிசையில் அய்யாக்கண்ணு, அண்ணனின் கூட்டாளி. நல்ல மனுஷன், வாய்தான் நிற்காது.

"ஒந்தண்ணியாலதான் ஆத்தா இனிமே நாங்க பொழைக்கணும்" என்றார்.

"நான் தாரேன்னு சொல்லலியே மாமா."

"அட, ரெண்டே வருசம். ஆப்பிரிக்காவுல, மொசாம்பிக்குன்னு ஒரு நாடு, அங்கிட்டு எடம் பாத்தாச்சு. தென்ன மரம் காடா கெடக்கு, பக்கத்துலயே ஆறு ஓடுது. அங்கிட்டு மில்லு எந்திரிக்கிற வரைக்கும் இங்கிட்டு ஓட்டணும்ல? ஆர்டர் கை மாறிறக் கூடாது பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் மெசினெல்லாம் கப்பல்ல அங்க போயிரும்."

"களத்து வேல?"

அவர் இலையைப் பார்த்தார். "பாயசம் இன்னும் வரலியே" என்றார்.

அன்புமொழி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு வருடம். அதற்குள் மேல்பக்கமும் வற்றிவிடும், அல்லது உப்பாகிவிடும். இவர்கள் வேறு ஊர் ஆற்றங்கரையில் போர்டு மாட்டியிருப்பார்கள். அங்கேயும் யாராவது ஒருத்தி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பாள். இந்த வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் அங்கே போய் அந்த ஊர்த் துணியையும் கட்டிக்கொண்டு நிற்பார். அவளுக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. கேட்கட்டும், இன்றைக்கு அவன் கேட்கட்டும், மண்டபத்தில் வைத்தே இல்லை என்று சொல்கிறேன் என்று வார்த்தைகளை நாக்கில் அடுக்கிக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனாள்.

அவன் மொய் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சாப்புட்டியாத்தா?"

"இல்லண்ணே…"

"மொகமே வாடிருச்சு பாரு. போ, மொதல்ல சாப்புடு."

அவ்வளவுதான். மண்டபத்தைக் காலி செய்யும் வரை அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அடுக்கிய வார்த்தைகளை அவள் அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்தாள். சாயங்காலம் முத்துராமன் வீடியோ காலில் வந்து பிரிட்ஜைக் காட்டச் சொன்னான். காட்டினாள். "மச்சான் தண்ணியப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?" என்றான். "கேக்கல" என்றாள். "கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் விடிகாலையில் பூப்பறித்துக் கீரமங்கலம் மார்க்கெட்டில் போட்டுவிட்டு மொபெட்டில் திரும்பினாள். வரப்புக்கு வந்ததும் வண்டி தானாக நின்றது போலிருந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து முல்லைப் பாத்திகளுக்குக் குறுக்கே, கம்மாய்க் கரை ஏறி அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு பச்சை ஓஸ் குழாய் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. புதுசு. பிளாஸ்டிக் வாசனை பூ வாசனைக்கு மேலே நின்றது. ஓஸ் விழுந்த இடங்களில் கொடிகள் நசுங்கியிருந்தன. கொட்டகைப் பூட்டு திறந்து, கொண்டியில் தொங்கியது.

சுடர்விழி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். நேற்றைய பட்டுப்பாவாடையை இன்னும் கழற்றவில்லை. காது மடல் சிவந்து வீங்கியிருந்தது.

"சாவி எங்கடி?"

"காலைல மாமாட்ட குடுத்தேன்."

"கேட்டாரா?"

"இல்லம்மா. 'காது வலிக்குதா தங்கம்'னுதான் கேட்டாங்க. ரொம்ப நேரமா கொட்டாயையே பாத்துக்கிட்டு வாசல்ல நின்னாங்க. பாவமா இருந்துச்சு. நாந்தான் ஆணியிலேருந்து எடுத்துட்டுப் போயி குடுத்தேன்." பிள்ளை நல்ல காரியம் செய்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்தது.

உள்ளே மில் ஆள் ஒருவன் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியேற, மோட்டார் உறுமியது. அன்புமொழி கொட்டகைக்குள் ஓடி மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மேல் கட்டை விரலை வைத்தாள். திறந்த கதவு வழியே கம்மாய்க் கரை தெரிந்தது. அங்கே மருதாயியும் நாலைந்து களத்துப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற நிலவழகன் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவள் விரல் அழுத்தாமல் பொத்தான் மேலேயே இருந்தது. தட்டையாகக் கிடந்த ஓஸ் கொட்டகைப் பக்கத்திலிருந்து மெல்லப் புடைத்து, ஒவ்வொரு பாத்தியாக முல்லைக் கொடிகளைத் தள்ளிக்கொண்டு கரையை நோக்கி எழுந்து போனது.