நேர்மை வாரத்தின் லைவ் கால்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அன்று காலை ஒன்பதரை மணிக்கு, நாலாவது மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், நேர்மை திறந்து வைக்கப்பட்டது. ஆளுயர அட்டை. 'நேர்மையே நம் மூச்சு' என்று எழுதியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இயக்குநர் ரிப்பனை வெட்டினார். பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் விற்கும் முப்பது பேரும் கைதட்டினார்கள்.

வாத்தியாரும் தட்டினார். இருபது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பள்ளியை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர். அதனால் அந்தப் பட்டப்பெயர். மூன்று வாரமாக அவர் ஒரு பாடம்கூட விற்கவில்லை. இன்று ஐந்து மணிக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார். ஐம்பதைத் தொடப்போகிறவருக்கு இதை விட்டால் போக்கிடம் இல்லை. வீட்டில் மூச்சு விடவில்லை.

மூன்றரை மணிக்கு மேலாளர் அவர் மேசைக்கு வந்து நின்றார். பின்னாலேயே இயக்குநர்.

"வாத்தியாரே, ஒரு லைவ் கால். ஸ்பீக்கர்ல போடுங்க. நேர்மையை நாம எப்படி வாழ்ந்து காட்டுறோம்னு சார் பாக்கணும்."

பிறகு குனிந்து, காதோடு: "இதான் கடைசி. சொதப்பிடாதீங்க."

மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். எதிர்முனையில் ஒரு வேன் டிரைவர். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"போன வருஷம் நல்லாத்தாங்க போட்டா. இந்த வருஷம் எல்லாமே தப்பு."

வாத்தியார் படத்தைப் பெரிதாக்கினார். கழித்தல்கள் தப்பில்லை. எடுத்து எழுதிய எண்கள்தான் தப்பு. டீச்சர் சிவப்பில் திருத்தியிருந்ததை வைத்துப் பார்த்தால், எட்டு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மூன்று. ஆறுக்குப் பதில் ஐந்து. திரையின் ஓரத்தில், அடுத்து அவர் சொல்ல வேண்டிய வரி மினுங்கியது: 'இப்போது விட்டால் உங்கள் பிள்ளை என்றைக்கும் பின்தங்கிவிடும்.'

"பாப்பாகிட்ட போனைக் குடுங்க," என்றார்.

மேலாளர் செருமினார். அப்படியொரு வரி திரையில் இல்லை.

"பாப்பா, நானூத்தி அம்பத்திரண்டுல நூத்தி எழுபத்தெட்டு போனா?"

"இருநூத்தி எழுபத்தி நாலு." யோசிக்கக்கூட இல்லை.

"வகுப்புல எங்க உக்காந்திருக்க?"

"கடைசி பெஞ்ச். வளந்துட்டேன்னு மாத்திட்டாங்க."

"போர்டு தெரியுதா?"

"கண்ணைச் சுருக்கினா தெரியும்."

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. இந்தப் பாடத்துல சேத்தா தேறிடுவாளா? நீங்க சரின்னா இப்பவே சேத்துடுறேன்."

சரி. இரண்டே எழுத்து. மேலாளரின் கை நாற்காலி முதுகை இறுக்கியது. வாத்தியாருக்கு, நாளைக் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்புவது, மனைவியிடம் என்ன சொல்லிக் கிளம்புவது என்றெல்லாம் அந்த நொடியில்தான் தோன்றித் தொலைத்தது.

"கணக்குல ஒரு குறையும் இல்லைங்க. கண்ணுலதான். இந்தப் பாடம் உங்களுக்கு வேண்டாம். கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"நல்லா இருப்பீங்கய்யா," என்று வைத்துவிட்டார் அப்பா.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் இயக்குநர் கைதட்டினார். அதனால் மேலாளர் தட்டினார். அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

"இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன்," என்று இயக்குநர் வாத்தியாரின் சட்டையில் பேட்ஜ் குத்தினார். மூன்று போட்டோ எடுத்தார்கள். வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தப்பிச்சீங்க சார்," என்றான் பக்கத்து இருக்கைக்காரன். நிறைய விற்பதால் அவனுக்குப் புயல் என்று பேர்.

இயக்குநரை லிஃப்ட் வரை வழியனுப்பிவிட்டு மேலாளர் திரும்பி வந்தார். சிரிப்பை லிஃப்டிலேயே அனுப்பிவிட்டார் போலிருந்தது.

"நேர்மை பிரமாதம், வாத்தியாரே. விற்பனை பூஜ்யம். அஞ்சு மணிக்கு எச்.ஆர். மேடத்தைப் பாத்துட்டுக் கிளம்புங்க."

"சார் கைதட்டினாரே?"

"தட்டினாரு. லிஃப்ட்ல ஏறும்போது என்ன சொன்னாருன்னு கேளுங்க. 'அந்த அப்பாவுக்கு நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கு பாத்தீங்களா, அதை வீணாக்கிடாதீங்க'ன்னாரு."

பிறகு பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினார். "புயலு, அந்த நம்பருக்கு அடி. இப்ப பேசின வாத்தியார் சார் சொல்லித்தான் கூப்பிடுறேன்னு ஆரம்பி."

நாலே காலுக்கு அந்த அப்பா இரண்டு வருடப் பாடம் வாங்கினார்.