எந்தக் கூட்டமுங்க?

கேட்டுக்கு வெளியே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, என் கணவர் ஸ்டீவ் தன் ஷூவைப் பேண்ட் காலின் பின்பக்கத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை தோற்றார் போங்கள்.

"உள்ள போறப்ப கழட்டத்தான போறீங்க, அத யாரு பாக்கப்போறா?" என்றேன்.

"பாக்கறவங்க பாப்பாங்க சாராளு" என்றார்.

அது பதினோராவது வீடு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள், வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவர்கள் கோயமுத்தூருக்கு வந்ததில்லை என்பதாகத்தான் இருக்கும். சரவணம்பட்டியில் கம்பெனிகள் வர வர, துடியலூர் வரைக்கும் வாடகை ஏறிவிட்டது. நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறார்களாம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மகள் மௌனிகா பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இங்கே துடியலூரில்தான். இங்கே வீடு கிடைக்காவிட்டால் அவளை உடுமலையில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டு, பள்ளிக்கூடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பார்த்த பத்து வீடுகளில் ஒருவர்கூட முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னதில்லை. நம் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, ஏனுங்க என்னங்க என்று வாய் நிறையப் பேசி, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்தார் என்று விசாரித்துவிட்டு, "போன்ல சொல்றமுங்க" என்பார்கள். ஒரு வீட்டுக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து திடீரென்று வந்துகொண்டிருந்தான். மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறான், பாவம். நாலாவது வீட்டில் மட்டும் கொஞ்சம் வெளிப்படையாக, "உங்காளுங்க கூட்டம் போட்டுப் பாடுவீங்க, பக்கத்துல சத்தம் போடுவாங்க" என்றார்கள். அது ஸ்டீவின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. சர்ச்சுக் குடும்பத்தில் பிறந்து, பாட்டுப் பாடியே வளர்ந்தவர். பம்ப் கம்பெனியில் சர்வீஸுக்குப் போகிற இடத்தில்கூட வாய்க்குள் முனகிக்கொண்டுதான் மோட்டாரைக் கழற்றுவார்.

எனக்குத் தைத்தது 'ஊரில் எந்தப் பக்கம்' என்ற கேள்விதான். அன்று காலை கிளம்பும்போது ஒருநாளும் பொட்டு வைக்காத நான், கண்ணாடி முன்னால் நின்று ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஸ்டீவ் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா ரங்கம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. அவர் கணவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறாராம். மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் வந்திருக்கிறோம் என்றதும் உள்ளே அழைத்து, மாடியைத் திறந்து காட்டினார். இரண்டு அறை. சமையல்கட்டில் நல்ல வெளிச்சம். கிழக்கே பார்த்த சன்னலுக்குக் கீழே மௌனிகாவின் மேசை சரியாகப் பொருந்தும் என்று என் கண் தானாக அளந்தது. வாடகையும் எங்கள் கைக்கு எட்டுவதாகத்தான் இருந்தது. ஆசைப்படாதே, ஆசைப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன்.

காபி வந்தது.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார் ரங்கம்மாள்.

"உடுமலைப் பக்கமுங்க."

"அட, நம்ம பக்கந்தான்." முகம் மலர்ந்தது. என் நெற்றியை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்டீவ் பக்கம் திரும்பி, "எந்தக் கூட்டமுங்க?" என்றார்.

கூட்டம் என்றால் கவுண்டர் வீடுகளில் குலம். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்த எனக்கு அது நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். கையில் இருந்த தம்ளர் சுட்டது. ஆனால் ஸ்டீவ், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாசத்துல ஒரே கூட்டந்தானுங்க. ரெண்டாவது சனிக்கெழம. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டுக்குள்ள முடிச்சுப்போடுவமுங்க. மைக் கெடையாதுங்க. வேண்டாமுன்னா அதையும் சர்ச்சுலயே வெச்சுக்கறமுங்க."

ரங்கம்மாள் அவரைப் பார்த்தார். என் பொட்டைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நான் செய்த திருட்டு வேலை முழுவதையும் இந்த மனுசன் ஒரே மூச்சில் அம்பலப்படுத்திவிட்டார். ஆனால் ஆச்சரியம், எனக்குக் கோபம் வரவில்லை. சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. போனது போனதுதான், மிச்சத்தையும் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. குடிவந்த பிறகு தெரிந்து, நடுத்தெருவில் நிற்பதைவிட இது மேல்.

"அம்மா, நீங்க கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லீங்க" என்றேன். "எங்கப்பனும் அம்மாளும் உடுமலைல ஒரு தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்து கூலி வேல செஞ்சவங்க. நான் சாராளுங்க. கண் ஆஸ்பத்திரில கண்ணாடி விக்கற எடத்துல வேல செய்யறேன். பொட்டு இன்னைக்கு மட்டும் வெச்சதுங்க."

ஸ்டீவுக்கு அப்போதுதான் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். காதுமடல் சிவந்துபோனது.

ரங்கம்மாள் துண்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவரு சனிக்கெழமைன்னப்பவே தெரிஞ்சுபோச்சு அம்மணி. எங்காளுங்கன்னா கேட்டு முடிக்கறதுக்குள்ள பேரச் சொல்லிப்போடுவாங்க. இதுக்கு முந்தி இருந்ததும் எங்க கூட்டத்து ஆளுகதான். பங்காளி மொறை. போறப்ப பல்பக் கழட்டிட்டுப் போனாங்க, சரி. ஃபேன் ரெகுலேட்டரையும் நோண்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க?" வாய் தவறி வந்துவிட்டது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. ஊடு பாக்க வாரவங்ககிட்ட வேற என்ன கேக்கறதுன்னே எனக்குத் தெரியல. நீயே சொல்லு கண்ணு, என்ன கேக்கோணும்?"

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிசமாகத்தான் காத்திருந்தார்.

"எத்தன பேருன்னு கேளுங்க" என்றேன்.

"எத்தன பேருங்க?"

"மூணு பேருங்க. புள்ள பத்தாவது படிக்கறா."

"அப்புறம்?"

"எப்ப வாரீங்கன்னு கேளுங்க."

"எப்ப வாரீங்க?"

ஒரு மாதமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. ஸ்டீவ் முந்திக்கொண்டு, "ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்ச ஒடனே வந்தர்றமுங்க" என்றார்.

"உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாருங்களா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"சொல்லுவாரு. சொல்லிப்போட்டுப் போறாரு. ஊடு என்ற பேர்ல இருக்குது."

எந்தக் கூட்டம் என்ற கேள்வியை ரங்கம்மாள் இனி வேறு யாரிடமும் கேட்கமாட்டார் என்று நான் நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குள் இருந்தது நிம்மதி மட்டும்தான். மௌனிகா பள்ளிக்கூடம் மாற வேண்டாம். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் நினைக்க மனம் ஒப்பவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டீவ் மறுபடி மாடிக்குப் போய்விட்டார், ரெகுலேட்டர் இருந்த ஓட்டையைப் பார்க்க. ரங்கம்மாள் என் நம்பரைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஆள்காட்டி விரலால் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"சரியா வந்திருக்குதான்னு பாரு கண்ணு" என்று போனை நீட்டினார்.

மேலூட்டு சாராள் என்று போட்டிருந்தது.

"சரிதானுங்க" என்றேன். மாடியில் சன்னல் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தமும், கூடவே ஸ்டீவ் முனகும் பாட்டும் கேட்டது.