சிவப்பை அழுத்தினாலும் உறுதி

“ரெண்டே நாள் குடு. வெப்சைட்ல இந்தப் பொத்தானை ஒழுங்கா எழுதிடறேன்.”

“இப்ப ஓடுதில்ல? ஓடுறதை எதுக்கு நோண்டணும்?”

“இன்னிக்கு ஓடுது. ஃபிரேம்வொர்க்கை மாத்துற அன்னிக்குப் படுத்துக்கும்.”

“அன்னிக்குப் பாத்துக்கலாம். சாருக்கு லீவு வேணும்னா நேராவே கேக்கலாமே!”

கூட்ட அறையில் எட்டுப் பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

கேட்டவன் என் கணவன். மறுத்தவள் நான், அவனுடைய டீம் லீடர். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், அவனிடம் மட்டும் ஒரு படி கூடுதலாகவே கறாராக இருந்தேன். மற்றவர்கள் தாமதித்தால் காரணம் கேட்பேன். அவன் தாமதித்தால் கேட்காமலே கடிந்துகொள்வேன். வீட்டுக்குப் போனதும் சமாதானமாகிவிடலாம் என்ற நினைப்பு. அன்று ஆகவில்லை. அடுத்த மாதமே வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பதினோரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறோம். தண்ணீர் மோட்டார், அவன் அம்மாவின் கண் பரிசோதனை, அவ்வளவுதான். திரும்பி வா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். தொண்டை வரை வரும். விழுங்கிவிட்டு, “சரி, வைக்கிறேன்” என்பேன்.

இந்த மாதம் ஃபிரேம்வொர்க்கின், அதாவது எங்கள் தளம் நிற்கும் அடிப்படை மென்பொருளின், புதிய பதிப்புக்கு மாறினோம். எங்களுடையது மருத்துவமனை முன்பதிவுத் தளம். பச்சைப் படப் பொத்தான் உறுதி செய்ய, சிவப்புப் படப் பொத்தான் ரத்து செய்ய. இரண்டையும் வலைப்பக்கத்தில் வரைவது அவன் தனியாக எழுதிய ‘டேக்’ என்ற சிறு நிரல்.

சோதனை பார்க்கும் பெண் வந்து நின்றாள்.

“அக்கா, சிவப்பை அழுத்தினாலும் ‘உங்கள் வருகை உறுதி’ன்னு வருது. பதினாலு தடவை ரத்து பண்ணிட்டேன். இப்ப அந்த டாக்டருக்கு பதினாலு நோயாளி, அத்தனை பேரும் நான்தான்!”

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். டேக்கின் விவரக் கோப்பைச் சரிபார்த்தேன். படங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். வலைப்பக்கத்தின் நிரலில் பொத்தான் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்திருந்தது. மூன்றாம் நாள் காலை அவனைக் கூப்பிட்டேன்.

“புதன்கிழமையில கூப்பிடறே. அம்மாவுக்கு ஏதாவதா?”

“அத்தை நல்லா இருக்காங்க. உன் பொத்தான்தான் படுத்துடுச்சு.”

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டத் தொடங்கும் ஓசை கேட்டது.

“சொல்லுங்க மேடம்.”

சொன்னேன். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“பக்கத்தையே பாத்துட்டிருந்தா தெரியாது. சர்வர் எதை ஏத்துக்குதுன்னு பாரு. எந்த வேலைக்குப் போகணும்னு பொத்தானோட பேர்லயே எழுதி அனுப்பற மாதிரி வச்சிருந்தேன். பழைய பதிப்பு அதைப் படிச்சு அங்க அனுப்பும். புதுசு பாதுகாப்புக்காக அதைக் கண்டுக்கறதில்ல. அதான் எதை அழுத்தினாலும் படிவத்தோட வழக்கமான வேலைக்கே போகுது.”

“உறுதி பண்ற வேலைக்கு.”

“ஆமா. செட்டிங்ல ஒரு வரி மாத்தினா பழையபடி ஓடும். ஆனா அது அவங்க வேணும்னே மூடின கதவு, திறக்காதே. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி வழி எழுது. ரெண்டு நாள் பிடிக்கும்.”

“அன்னிக்கே உனக்குக் குடுத்திருக்கணும்.”

“பொத்தான்தானே, விடு.”

“பொத்தானைச் சொல்லல. எட்டுப் பேர் முன்னாடி உன்னைக் கிண்டல் பண்ணினதைச் சொல்றேன். வேற யாரையும் நான் அப்படிப் பேசினதில்ல. எனக்கு நல்ல பேர் வரணும்னு உன்னை மட்டம் தட்டினேன்.”

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு ஓசை நின்றது.

“நீ எங்க இருக்கே? மாடிப்படியிலயா?”

அலுவலகத்தில் அவனிடம் பேச வேண்டுமென்றால் மாடிப்படிக்கு ஓடுவதுதான் என் வழக்கம்.

“இல்ல, என் சீட்லதான்.”

“எல்லாரும் இருப்பாங்களே!”

“இருக்காங்க. கேட்டுட்டுத்தான் இருக்காங்க.”

சோதனைப் பெண் அவசரமாகத் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த முறை விழுங்கவில்லை.

“என் டீமுக்கு வர வேண்டாம். இப்ப பாக்கற வேலையையே இங்கேர்ந்து பாரு, இல்ல வேற வேலை தேடிக்கோ. எனக்கு அதெல்லாம் பரவாயில்ல. நீ வீட்டுக்கு வந்துடு.”