நாட்டுக்கோழிப் பாட்டு

என் வீட்டுக்காரர் ராமருக்கு எழுபத்தெட்டு ஜனவரியில் ஒரு பைத்தியம் பிடித்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அது தெளிந்ததா முற்றியதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிற வேலை அவருக்கு. நான் மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்கு பொறுக்குகிறவள். பேச்சியம்மாள் என்று சொன்னால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், வாயாடி என்றால் இன்னும் சீக்கிரம் தெரியும். ஓட்டலில் ஒரு பேண்டு உண்டு. கப்பல்காரர்கள் சாப்பிட வரும்போது அமெரிக்கப் பாட்டுப் பாடுவார்கள். அதற்குத் தலைவர் ஃபோர்ட் கொச்சி ரொசாரியோ சேட்டன். ஓய்வு நேரத்தில் அவரிடம் கிட்டார் பழகிக்கொண்டிருந்த என் ஆளை, பேண்டில் ஒருத்தன் துபாய்க்குப் போனதும், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு வருஷம் பார்ப்பேன், கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் கிட்டாரா தட்டா, ஒன்று முடிவாகும்.

"அதென்ன பாட்டு?" என்று கேட்டேன்.

"கன்ட்ரி மியூசிக்."

"அப்படின்னா?"

"கன்ட்ரின்னா நாடு. நாட்டுப் பாட்டு. மாடு மேய்க்கிறவன், லாரி ஓட்டுறவன், அவங்க பாட்டு."

"நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி மாதிரியா?"

மனுஷனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கேட்டது நியாயமான கேள்விதானே!

கிட்டார் அவருக்கு நன்றாகவே வந்தது. வராதது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டுகள் சிலவற்றில் நடுவே வார்த்தை நின்றுபோய், குரல் மட்டும் அடித்தொண்டையிலிருந்து உச்சிக்குத் தாவும், இறங்கும், மறுபடி தாவும். ரொசாரியோ சேட்டன் அதைச் சாயா குடிக்கிற மாதிரி செய்வாராம். இவருக்கும் ஆசை. விடிந்தால் கொல்லைப்பக்கம் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். குரல் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுச் சகீலா ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "பேச்சியக்கா, சேவல் வாங்கியிருக்கியளா?" என்றாள்.

"ஆமாம்மா, நாட்டுச்சேவல். கூவத்தான் தெரியல" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கேலி செய்தேனே தவிர, ராத்திரி நான் வேண்டிக்கொண்டது அந்தக் குரலுக்காகத்தான். பத்து வருஷம் தட்டுத் தூக்கின கை அது. கிட்டாரைப் பிடித்த நாளிலிருந்து மனுஷன் நிமிர்ந்து நடந்தார். மறுபடியும் குனிய வைத்துவிடாதே தாயே என்று வேண்டினேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. அன்றைக்கு மட்டும் வேலைக்காரர்களின் குடும்பங்களுக்கு ஓட்டலின் சமையற்கட்டு வராந்தாவில் சாப்பாடு. நானும் படகேறிப் போனேன். கேக்குத் துண்டும் கையுமாகக் கதவோரம் நின்று உள்ளே பார்த்தேன். வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது.

பார்த்தால் ரொசாரியோ சேட்டனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாரமாக வீடு வீடாய்ப் போய்க் கிறிஸ்துமஸ் கேரல் பாடின மகிமை. ஒரு கப்பல் கேப்டன் எழுந்து, அந்தத் தாவுகிற பாட்டைத்தான் கேட்டார். மேனேஜர் மேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோனே ராமரே, எனக்கு ஒச்ச வரணில்ல. நீ பாடிக்கோ" என்று கரகரத்தார் சேட்டன்.

பாடினார். வார்த்தைகள் எல்லாம் சரியாகவே போயின. தாவுகிற இடம் வந்தது. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் முயன்றார், கீச்சென்று ஒரு சத்தம். யாரோ சிரித்தார்கள். கிட்டாரில் அவர் விரல் நின்றுபோனது.

எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி தடுமாறினால் பொம்பளைகள் சும்மா நிற்க மாட்டோம். சத்தம் அறுந்துபோக விடக்கூடாது. யோசித்துச் செய்தேன் என்றால் பொய். கேக்கைக் கீழே போட்டேன், நாக்கைச் சுழற்றினேன், போட்டேன் ஒரு குலவை! மண்டபம் முழுக்கத் திரும்பியது.

அவரும் திரும்பினார். கதவோரம் வாயெல்லாம் கேக்குத் தூளோடு நான். மனுஷனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே தொண்டை அவிழ்ந்து, குரல் தாவியது ஐயா, தாவியது! ஒரு வருஷமாக இறுக்கிப் பிடித்து வராதது, சிரித்ததும் வந்துவிட்டது. நான் ஒன்று போட, அவர் ஒன்று தாவ, கேப்டன் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்.

முடிந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"இது என்ன மியூசிக்குன்னு கேட்டாரு. கன்ட்ரிதான் சார், எங்க கன்ட்ரின்னேன்."

"அத விடுங்க. தட்டா, கிட்டாரா?"

"கிட்டாரு."

அழுதுவிட்டேன். அழுகிறவளைப் படகில் ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். "சனிக்கிழமைதோறும் அந்தம்மாவையும் கூட்டிட்டு வான்னாரு. அது சாமிக்குப் போடுறது, கூப்பிட்டா வராது சார்னு சொல்லிட்டேன்."

அழுகை நின்றுவிட்டது. "யாரக் கேட்டுச் சொன்னிய?"

"நீ எப்படிட்டி அத்தனை பேரு முன்னால..."

"இன்னிக்கு அத்தனை பேரு முன்னாலதான போட்டேன்? சாமிக்கா போட்டேன்? உங்களுக்குத்தான போட்டேன்!"

தோளிலிருந்த கிட்டாரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "வருவியா பேச்சி?" என்றார்.

"கேட்டா வருவேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவருக்கு மேலே எட்டி, "ஏ சகீலா, எங்க சேவல் கூவிருச்சு. கோழியையும் சேத்துக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன்.