தபால்காரர் படிக்காமல் விட்ட வீடு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான் இதில் மாட்டிக்கொண்டேன். நேற்று, 1973 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, தாம்பரத்தில் மெட்டில்டா டீச்சரின் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டேன். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான நான் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவன் என்பதால், கூட்டத்தின் மினிட்ஸ் எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

கூட்டம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க நாலு பேர். ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் டீச்சர் போய் விசாரிப்பார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தால் விஷயம் இங்கே வரும். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தபால்காரர் தசரதனுக்குத் தெரியும். ரேஷன் கார்டில் புது விலாசம் ஏற்ற, ரேஷன் ஆபீஸ் ஏகநாதன் இருக்கிறார். வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத நான். தனித்தனியாக அலைந்தால் ஒரு மாதம் ஆகிற காரியம், இங்கே ஒரு சாயங்காலத்தில் முடியும்.

"பிளாட்பாரத்துக்குப் போயிட்டா அட்ரஸ் போயிடும் சார். அட்ரஸ் போனா கார்டு போகும், ஸ்கூல் போகும். அதுக்கு முன்னாடி பிடிக்கணும்" என்பார் டீச்சர்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: சிட்லபாக்கம் ஏரியின் மேல் மாலை வெயில்

(ஏரியை விடுங்கள். அதில் யாரும் குடியிருக்க முடியாது.)

அடுத்து: முத்தாலம்மாள் விம்மி விம்மி அழுதபடி

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. எங்களைத்தான் அழவைத்தாள்.)

3

நேற்றுக் கூட்டத்துக்கு வந்த முத்தாலம்மாள் மீன் விற்பவள்.* புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் இருக்கும் அறையைச் சைக்கிள் கடையாக்கப் போகிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குள் காலி செய்தாக வேண்டும்.

"நானு எங்கியாச்சும் பட்த்துப்பேன் சார். பெரிசுக்குப் பன்னெண்டு வயசு. அத்த இஸ்துகினு டேசன்லயா பட்க்கறது?"

தசரதன் ஏற்கெனவே ஐந்து வீடுகளில் கேட்டிருந்தார். ஐந்தும் எங்கள் சர்ச் சபைக்காரர்களின் வீடுகள். ஐந்திலும் ஒரே பதில்: நாங்களும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான், ஆனால் கூடை வாசலில் இருந்தால் நன்றாயிருக்காதே.

"துன்றதுக்கு மட்டும் மீன் வோணும், மீன்காரி வோணாமா?" என்று அவள் கேட்டாள். மினிட்ஸில் இதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடினேன்.

* வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டிலும் வாங்குவோம். இதைக் கதைக்குள் சொல்லக் கூச்சமாக இருந்ததால் இங்கே.

4

தசரதன் காலி இடங்களின் பட்டியலைத் தெருத் தெருவாகப் படித்தார். சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு வந்தது. என்னைப் பார்த்தார். அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டோடு ஒட்டி, தனி வாசலோடு ஓர் அறை உண்டு. அங்கே என் மேஜை, நாற்காலி, திரும்பி வந்த கதைகள். திருப்பிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகப் போடுகிறவரே தசரதன்தான். அவருக்குத் தெரியாதா? நான் எழுதினேன்: 'சிட்லபாக்கம்: காலி அறை ஏதும் இல்லை.'

இந்தக் கதையையும் அந்த அறையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

முடிவு ஒன்று: வேதசிரோமணி என்ற ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் மனமிரங்கித் தன் மாடியைக் கொடுக்கிறார். (அப்படி ஒருவர் இங்கே இல்லை. ஐந்து நிமிடம் முன்புதான் உண்டாக்கினேன். நான் கொடுக்காததை அவர் கொடுக்கட்டும் என்று.)

முடிவு இரண்டு: தாயும் மகள்களும் ஸ்டேஷனில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் வருகிறது, போகிறது. இதைத்தான் பத்திரிகையில் போடுவார்கள். நன்றாகவும் வந்திருந்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது.

6

காப்பி கொண்டுவந்த என் மனைவி பியூலா, நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.

"தசரதன் மறைச்சுக் காப்பாத்தினார். நீங்களே எழுதி வச்சிட்டீங்க."

"இது கதை."

"மேஜையை எடுத்தா மூணு பேர் தாராளமா படுக்கலாம்."

"அப்புறம் நான் எங்கே எழுதுறது?"

அவள் மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வருடமாக இந்த அறை ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது. வீட்டுக்குள் கூடமும் அடுப்படியும்தான். அங்கே நாங்கள் ஐந்து பேர். அறையைக் கொடுத்தால் எழுத்து போய்விடும் என்று பயந்தேன். இப்போதும் பயம்தான்.

7

ஞாயிறு காலை ஒன்பதரை. வாசலில், பியூலா சொல்லியனுப்பி வந்த தசரதன். பின்னால் ஏகநாதன், கார்டில் ஏற்ற வீட்டு நம்பர் கேட்கிறார். பியூலா சொல்கிறாள். என்னை யாரும் கேட்கவில்லை.

வாசகரே, நிலைமை இதுதான். எனக்கு அவகாசம் கிடைத்தால் நல்ல முடிவாகவே எழுதிவிடுவேன். அந்த அளவுக்குக் கை பழகியிருக்கிறது. ஆகவே கீழே செப்பமான முடிவு ஒன்று இருந்தால், நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

"சார், ஒரு பக்கம் நீங்க புட்ச்சா தூக்கிடலாம்" என்கிறார் தசரதன், மேஜையின் மறுமுனையில் கைவைத்தபடி.

"ஒரே ஒரு வரி" என்கிறேன்.

தெருமுனையில் முத்தாலம்மாள் வருகிறாள். தலையில் மூட்டை. அவளுக்குப் பின்னால் பெரியவள், இடுப்பில் குடத்தோடு, தங்கையின் கையை